பழைய வி.சி.ஆர். பழுது நீக்கம்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஜேவிசி நிறுவனம் 1976-இல் முதல் வி.எச்.எஸ். டெக்கை, அதாவது வீடியோ கேசட் ஓட்டும் எந்திரத்தை, விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. இனி புது டெக் வரப்போவதில்லை. ஆனால் கல்யாணங்களும் காதுகுத்துகளும், இன்று இல்லாதவர்களின் முகமும் குரலும் பதிந்த கேசட்டுகள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை ஓட்ட, ஏற்கெனவே செய்யப்பட்ட எந்திரங்களை விட்டால் வேறு வழியில்லை. அதனால் ஓடாத ஒரு டெக்கைக் கழித்துக்கட்டுவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

பழைய டெக்கில் பெரும்பாலும் கெட்டுப்போவது நான்கே விஷயங்கள்: ரப்பர், கிரீஸ், அழுக்கு, பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர்கள். ஐ.சி.கள் பழுதாவது அபூர்வம். தொழிற்சாலையில் அளந்து வைத்த திருகுகள் தாமாக நகர்வது அதைவிட அபூர்வம். படம் சரியில்லை என்றதும் ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கண்ணில் படும் திருகையெல்லாம் திருப்புகிறவர்கள், இருக்கும் பழுதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள். முதலில் துடையுங்கள், அப்புறம் ரப்பரைப் பாருங்கள், திருகைக் கடைசியில் தொடுங்கள். கீழே உள்ள எல்லாமே இந்த வரிசையில்தான் போகிறது.

மூடியைத் திறக்கும் முன்

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், 230 வோல்ட்டில் ஓடும் டெக்கில் 300 வோல்ட்டுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். மல்டிமீட்டரால் அளந்து பார்த்து, மிச்சம் இருந்தால் சில ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அதன் இரு முனைக்கும் குறுக்கே பிடித்து வடியவிடுங்கள். ஸ்குரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்யாதீர்கள். மின்சார வேலையில் பழக்கமில்லை என்றால் பவர் சப்ளையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடலாம். மற்ற வேலைகள் எல்லாம் மெக்கானிசம் சம்பந்தப்பட்டவை, பொறுமை இருந்தால் போதும்.

கையில் இருக்க வேண்டியவை: 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், நூல் உதிராத மெல்லிய தோல் துணி, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ், மெல்லிய எண்ணெய், நல்ல வெளிச்சம், ஒரு கேமரா. எதைக் கழற்றினாலும் முன்னே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல்சக்கரங்களில் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும், அவை ஒன்றுக்கொன்று எந்த நிலையில் நின்றன என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் டெக் ஓடாது.

இன்னொன்று, போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு சோதனைக் கேசட். பழுது முழுக்கத் தீர்ந்து, அந்தக் கேசட் ஆரம்பம் முதல் முடிவுவரை ஓடும்வரைக்கும் வீட்டு விசேஷக் கேசட்டை டெக்கின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

உயிரே இல்லை, கடிகாரம்கூட எரியவில்லை

ஃபியூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே அளவு ஃபியூஸ் ஒன்றை ஒரே ஒரு முறை மாற்றிப் பார்க்கலாம். அதுவும் உடனே போனால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்தும் டெக் எழவில்லை, அல்லது "டிக் டிக்" என்று மெல்லிய சத்தம் மட்டும் வருகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது பவர் சப்ளையில் உள்ள சிறிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை. பல டெக்குகளில் கடிகாரத்துக்காகப் பவர் சப்ளை இருபத்து நான்கு மணி நேரமும் வேலை செய்தபடியே இருக்கும். சூடு படும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் சின்ன கெப்பாசிட்டர் மெல்ல உலர்ந்துபோகிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை வெளியே தெரியாது. ஒருநாள் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் டெக் எழாது. "நேற்றுவரை நன்றாக ஓடியது, கரண்ட் போய் வந்ததும் செத்துவிட்டது" என்று சொன்னால் பெரும்பாலும் இதுதான். மேல்பாகம் உப்பாத கெப்பாசிட்டரும் உள்ளே கெட்டிருக்கலாம், அதனால் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். கெப்பாசிட்டரின் உள் மின்தடையைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். மீட்டர் இருந்தால் அளக்கலாம். இல்லாவிட்டால் பவர் சப்ளையில் உள்ள சிறியவற்றை மொத்தமாக மாற்றிவிடுவதே நல்லது: அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும் ரகம். பட்டை இருக்கும் முனை நெகட்டிவ், மாறிவிடக் கூடாது.

போர்டைக் கழற்றியிருக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். கடிகார நினைவுக்காகச் சில டெக்குகளில் சின்ன நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். அது கசிந்தால் செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்துவிடும். பார்த்ததும் எடுத்துவிடுங்கள். அது இல்லாமலும் டெக் ஓடும், மின்சாரம் போனால் நேரம் அழிந்துவிடும், அவ்வளவுதான்.

கேசட்டை வாங்கிக்கொண்டு உடனே துப்புகிறது

மூடி திறந்திருக்கும்போது மட்டும் இப்படி நடந்தால் அது பழுதே இல்லை. கேசட்டின் நடுவில் உள்ள துளை வழியாக ஒரு அகச்சிவப்பு விளக்கு மேலெழும்பி நிற்கும், இரு பக்கமும் ஒளி உணரிகள் இருக்கும். டேப்பின் இரு முனைகளிலும் ஒளி ஊடுருவும் துண்டு ஒட்டப்பட்டிருப்பதால், ஒளி வந்து பட்டால் "டேப் முடிந்தது" என்று டெக் புரிந்துகொள்கிறது. மேஜை விளக்கோ ஜன்னல் வெயிலோ உணரிமேல் பட்டாலும் அதே முடிவுக்குத்தான் வரும். மெக்கானிசத்தின் மேல் ஓர் அட்டையை வைத்து மறைத்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல டெக்கை வீணாக நோண்டுகிறவர்கள் நிறைய. மிகப் பழைய மாடல்களில் அந்த இடத்தில் சாதாரண பல்பு இருக்கும், அது எரிந்துபோனால் டெக் எந்த வேலைக்கும் ஒத்துழைக்காது.

மூடியிருக்கும்போதும் துப்புகிறது, அல்லது டேப்பைப் பாதி இழுத்துவிட்டு நின்று தானே ஆஃப் ஆகிறது என்றால், லோடிங் பெல்ட்டைப் பாருங்கள். சின்ன மோட்டாரிலிருந்து கப்பிக்குப் போகும் சதுர ரப்பர் அது. தளர்ந்திருந்தால் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கும், எதுவும் நகராது. சில பெல்ட்டுகள் கறுப்புப் பசையாகவே உருகிக் கிடக்கும். கையுறை போட்டு, ஆல்கஹாலால் கப்பியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். பழைய பெல்ட்டை அளந்து புதியது வாங்கக் கூடாது, அது நீண்டுபோயிருக்கும். கப்பிகளைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி, அந்த நீளத்தைவிட 5 முதல் 10 சதவீதம் குறைவான சுற்றளவில் தேர்ந்தெடுங்கள்.

பெல்ட் நல்ல நிலையில் இருந்தால் அடுத்தது மோட் ஸ்விட்ச். மெக்கானிசம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சிப்புக்குச் சொல்வது இதன் வேலை. உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சுத் தடங்கள் கறுத்து, கிரீஸ் காய்ந்து, தப்பான தகவல் போகும். ஒரு முறை ஓடும், மறுமுறை ஓடாது, இன்னொரு முறை தானாக ஆஃப் ஆகும். இப்படி முன்னுக்குப் பின் முரணாக நடந்தாலே மோட் ஸ்விட்சை நினையுங்கள். கழற்றி, மெல்லத் திறந்து, ஆல்கஹாலால் துடைத்து, துளி கான்டாக்ட் கிரீஸ் போட்டு, குறிகளைப் பொருத்தி மாட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்படியும் தீராவிட்டால் பல்சக்கரங்களை டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தண்டில் இறுக்கி மாட்டிய பிளாஸ்டிக் சக்கரத்தில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம்.

கேசட் உள்ளே சிக்கிக்கொண்டது

இழுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்குங்கள், மூடியைத் திறங்கள். லோடிங் மோட்டாரின் தண்டையோ அதோடு இணைந்த சக்கரத்தையோ விரலால் மெதுவாகச் சுற்றினால் டேப்பை இழுத்த தூண்கள் பின்வாங்கும். வெளியே தொங்கும் டேப்பை, ரீலைக் கையால் திருப்பிக் கேசட்டுக்குள் சுருட்டுங்கள். டேப் முழுக்க உள்ளே போன பிறகு தொடர்ந்து சுற்றினால் கேசட்டைத் தாங்கும் கூண்டு மேலே வரும். நேரம் பிடிக்கும், ஆனால் டேப் பிழைத்துவிடும்.

சில நொடி ஓடி நின்றுவிடுகிறது

ரீல் சுற்றுகிறதா என்று ஓர் உணரி எண்ணிக்கொண்டே இருக்கும். துடிப்பு வரவில்லை என்றால் டேப் சிக்கிவிட்டதாக எண்ணி டெக் நின்றுவிடும், அது நம் கேசட்டைக் காப்பாற்றத்தான். ரீல் உண்மையில் சுற்றவில்லையா, சுற்றியும் உணரிக்குத் தெரியவில்லையா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள். சுற்றினால் ரீல் மேஜைக்கு அடியில் உள்ள உணரியில் தூசி படிந்திருக்கும், ஊதித் துடைத்துவிடலாம். படத்தைப் படிக்கும் ஹெட்டுகள் உள்ள சுழல் உருளையான ஹெட் டிரம்மே சுற்றாமலோ தயங்கித் தயங்கிச் சுற்றினாலோ பிரச்சினை டிரம் மோட்டாரில் இருக்கிறது.

டேப்பைத் தின்கிறது

எல்லாப் பழுதிலும் எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான். மற்றவற்றில் கெடுவது எந்திரம், இதில் அழிவது பதிவு.

என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பழுது தானே பிடிபடும். பிளேயில் இருக்கும்போது டேப்பை இழுப்பது கேப்ஸ்டன் என்னும் வழவழப்பான இரும்புத் தண்டும், அதை அழுத்திக்கொண்டிருக்கும் பிஞ்ச் ரோலர் என்னும் ரப்பர் உருளையும். இந்தியத் தொலைக்காட்சியில் இருந்த பால் (PAL) முறையில் சாதாரண வேகம் நொடிக்கு 23.39 மி.மீ. இப்படி வெளியே வரும் டேப்பை வலப்பக்க ரீல் உடனுக்குடன் சுருட்டிக்கொள்ள வேண்டும். கேப்ஸ்டன் தள்ளிக்கொண்டே இருக்க, ரீல் சுருட்டவில்லை என்றால், டேப் குவிந்து உருளையில் சுற்றிக்கொள்ளும். ஆக, டேப்பைத் தின்னும் டெக்கில் பெரும்பாலும் குற்றவாளி சுருட்டும் பக்கம்தான்.

பல டெக்குகளில் இரு ரீல்களுக்கும் நடுவே ஐட்லர் என்னும் சின்னச் சக்கரம் ஊசலாடும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்த ரீலைச் சுற்றும். அதன் ரப்பர் டயர் ஆண்டுகள் போகப் போகக் கண்ணாடிபோல் பளபளப்பாகி வழுக்கும். டயரையும், அது தொடும் ரீல் விளிம்பையும் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். அவசரத்துக்கு டயரைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டினால் சில காலம் ஓடும். நிரந்தரத் தீர்வு புது டயர்தான். பிற்கால மாடல்களில் டயருக்குப் பதில் பல்சக்கரமும் கிளட்சும் இருக்கும், அங்கே தேய்ந்த கிளட்சைப் பார்க்க வேண்டும். வேகமாக முன்னும் பின்னும் ஓட்டும்போது முனகி, திணறி நிற்கும் டெக் நாளைக்கு டேப்பைத் தின்னும். அந்த முன்னறிவிப்பை அலட்சியம் செய்யாதீர்கள்.

அடுத்து பிஞ்ச் ரோலர். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி எழ வேண்டும். கல்லாக இறுகியிருந்தாலோ நடுவில் பள்ளம் விழுந்திருந்தாலோ டேப் நேராகப் போகாமல் மேலோ கீழோ ஏறி மடங்கும். டேப்பின் ஓரம் மட்டும் சுருங்கி வெளிவருவது இதன் அடையாளம். மாற்றுவதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஓரம் சுருங்கிய டேப்பை என்ன செய்வது? வி.எச்.எஸ். டேப்பின் அகலம் 12.7 மி.மீ. அதன் மேல் விளிம்பில் சாதாரண ஒலியும், கீழ் விளிம்பில் ஓட்டத்தை வழிநடத்தும் கன்ட்ரோல் டிராக்கும் இருக்கின்றன. மேல் விளிம்பு கெட்டால் அந்த இடத்தில் சத்தம் விட்டுவிட்டு வரும். கீழ் விளிம்பு கெட்டால் படம் நிலைகொள்ளாமல் ஓடும். இரண்டும் அந்த இடத்தைத் தாண்டியதும் சரியாகிவிடும். ஆனால் கசங்கிய பகுதி ஹெட்டைக் காயப்படுத்தக்கூடும், ரொம்ப மோசமாகக் கசங்கியதை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் டேப்பின் பின்பக்கத்தில், அதற்கென்றே உள்ள ஒட்டு நாடாவால் இணைப்பது பாதுகாப்பு. சாதாரண செலோடேப் வேண்டாம், அதன் பசை கசிந்து டிரம்மில் ஒட்டிக்கொள்ளும்.

சத்தம் கேட்கிறது, படம் வெறும் புள்ளி மழை

ஹெட்டில் அழுக்கு. சாதாரண ஒலியை எடுப்பது அசையாமல் நிற்கும் தனி ஹெட், படத்தை எடுப்பது சுழலும் டிரம்மில் உள்ள ஹெட்டுகள். அதனால்தான் ஒன்று வந்து மற்றொன்று வராமல் போகிறது. 62 மி.மீ. விட்டமுள்ள இந்த டிரம் பால் முறையில் நிமிடத்துக்கு 1500 சுற்று, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்த என்.டி.எஸ்.சி. முறையில் ஏறத்தாழ 1800 சுற்று. எதிரெதிரே இருக்கும் இரு ஹெட்டுகள் மாறி மாறி ஆளுக்கு ஒரு பாதிப் படத்தைப் படிக்கின்றன. படம் தெரிந்தும், அதன் மேல் புள்ளி மழை வெடவெடவென்று துடித்தால், இரண்டில் ஒன்று மட்டும் அடைத்திருக்கிறது.

துடைக்கும் விதம் மிக முக்கியம். ஹெட்டின் முனை ஃபெரைட், கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியது. அதன் நடுவே ஒரு மைக்ரானுக்கும் குறைவான இடைவெளி. ஆல்கஹாலில் நனைத்த தோல் துணியை டிரம்மின் பக்கவாட்டில் மெல்ல வைத்து, துணியை அசைக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். மறு கையால் டிரம்மின் மேல்பக்கத்தைத் தொட்டு மெதுவாகச் சில சுற்று சுற்றுங்கள். டிரம்தான் நகர வேண்டும், துணி நகரக் கூடாது. மேலும் கீழும் ஒருபோதும் தேய்க்காதீர்கள், முனை உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியும் வேண்டாம், நூல் சிக்கினால் முனையைப் பெயர்த்தெடுத்துவிடும். தோல் துணி கிடைக்காவிட்டால் சாதாரண வெள்ளைத் தாளைச் சிறு பட்டையாக வெட்டி ஆல்கஹாலில் நனைத்து அதே முறையில் பயன்படுத்தலாம். துடைத்ததும் நன்றாக உலரவிட்டே ஓட்ட வேண்டும். ஈரமான டிரம்மில் டேப் ஒட்டிக்கொள்ளும்.

கடையில் கிடைக்கும் உலர் வகை கிளீனிங் கேசட்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை அழுக்கோடு ஹெட்டையும் சேர்த்தே தேய்க்கின்றன. புது ஹெட் கிடைக்காத காலத்தில் ஒவ்வொரு மைக்ரானும் விலை உயர்ந்தது.

பலமுறை துடைத்தும், நன்றாக ஓடும் என்று தெரிந்த கேசட்டிலும் புள்ளி மழை போகவில்லை, வெளிச்சமான உருவங்களின் விளிம்பிலிருந்து கோடுகள் இழுபடுகின்றன என்றால் ஹெட் தேய்ந்துவிட்டது. அப்போது டிரம்மையே மாற்ற வேண்டும், அல்லது அந்த டெக்கை உதிரி பாகங்களுக்காக வைத்துக்கொள்ளலாம்.

படத்தின் மேலோ கீழோ நிலையான இரைச்சல் பட்டை

முதலில் டிராக்கிங், அதாவது ஹெட்டுகள் டேப்பில் பதிந்த தடங்களின் மேல் சரியாக ஓடும்படி பொருத்தும் கட்டுப்பாடு, அதைத் திருப்பிப் பாருங்கள். ஒரே ஒரு கேசட்டில் மட்டும் வந்தால், அதைப் பதிவு செய்த டெக்கின் அளவு வேறாக இருந்திருக்கும், உங்கள் டெக்கைக் குறை சொல்ல வேண்டாம். எல்லாக் கேசட்டிலும் வந்தால் டிரம்மின் இரு பக்கமும் உள்ள வழிகாட்டித் தூண்களைப் பாருங்கள். டேப் நுழையும் இடத் தூண் படத்தின் மேல்பகுதியையும், வெளியேறும் வலத் தூண் கீழ்ப்பகுதியையும் பாதிக்கும். தூண் தன் இருக்கையில் முழுசாகப் போய் உட்கார்கிறதா, காய்ந்த கிரீஸ் வழியை மறிக்கிறதா என்று பாருங்கள். தூணைத் திருப்பித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் மார்க்கரால் கோடு போட்டு, கால் சுற்றுக்கும் குறைவாக, படத்தைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். பலன் இல்லை என்றால் பழைய கோட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

பட்டை நிலையாக நிற்காமல் படம் முழுக்க மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருந்தால், கன்ட்ரோல் டிராக் படிக்கப்படவில்லை. டிரம்முக்கு வலப்பக்கம் இருக்கும் ஒலி ஹெட்டின் அடிப்பகுதியைத் துடையுங்கள். கன்ட்ரோல் டிராக்கைப் படிப்பதும் அதே ஹெட்தான்.

படத்தின் தலை வளைகிறது

மேல்பகுதி கொடிபோல் ஒரு பக்கம் இழுபட்டால், நுழையும் பக்கம் டேப் போதிய விறைப்பில் இல்லை. இடது ரீலைச் சுற்றியிருக்கும் கம்பளிப் பட்டை கழன்றிருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஆல்கஹால் ஊற்றாதீர்கள், பசை விட்டுவிடும். டெக் சரியாக இருந்தும் புதிய தட்டைத் திரைகளில் மட்டும் இப்படித் தெரிந்தால், அவை டேப்பின் நேர ஊசலாட்டத்தைத் தாங்குவதில்லை. டைம் பேஸ் கரெக்டர் உள்ள டெக்கோ தனிப் பெட்டியோ வைத்தால் நேராகிவிடும்.

சத்தம் மந்தமாக, அல்லது அலையலையாக

மந்தம் என்றால் ஒலி ஹெட்டில் அழுக்கு. இது அசையாத ஹெட், தைரியமாகத் துடைக்கலாம். அலையலையாக வந்தால் வேகம் சீராக இல்லை: பிஞ்ச் ரோலரும் கேப்ஸ்டன் பெல்ட்டும் சந்தேகத்துக்குரியவை. இரண்டும் நன்றாக இருந்தால் கேப்ஸ்டன் தண்டின் அடியில் உள்ள புஷ்ஷுக்கு ஒரே ஒரு துளி எண்ணெய் போதும். தண்டில் வழிந்தால் துடைத்துவிடுங்கள். ஹைஃபை ஒலியில் மட்டும் படபடவென்று வெடித்தால் அது டிராக்கிங் விவகாரம், ஏனென்றால் ஹைஃபை ஒலி டிரம்மிலிருந்து வருகிறது.

கேசட்டில் வெள்ளைத் தூள்

கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் விளிம்பில் வெள்ளையோ சாம்பலோ படிந்திருக்கும். பூஞ்சை. அதை நல்ல டெக்கில் போட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடும் எல்லாக் கேசட்டுக்கும் பரவும். தனியாக ஒரு பையில் கட்டி வையுங்கள். சுத்தம் செய்ய, அதற்கென்று ஒதுக்கிய இன்னொரு டெக், முகக்கவசம், காற்றோட்டமான இடம் மூன்றும் வேண்டும். டேப்பை மெதுவாக ஓட்டி, இரு பக்கமும் உலர்ந்த மென்துணியால் துடைத்து, முடிந்ததும் புதுக் கேசட் கூட்டுக்கு மாற்ற வேண்டும்.

ஓட ஆரம்பித்த பிறகு

அரிய கேசட்டைப் போடுவதற்கு முன் அதன் முதுகில் உள்ள பதிவுத் தடுப்புத் துண்டை உடைத்துவிடுங்கள். அப்புறம் கை தவறி ரெக்கார்டை அழுத்தினாலும் எதுவும் அழியாது. முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும் என்று எண்ணி வெறுமனே ஓட்டிப் பார்க்காதீர்கள்.

குளிர்ந்த இடத்திலிருந்து கொண்டுவந்த டெக்கையும் கேசட்டையும் சில மணி நேரம் அறைச் சூட்டில் வைத்த பிறகே ஓட்டுங்கள், டிரம்மில் ஈரம் பூத்திருக்கும். உபயோகம் இல்லாதபோது கேசட்டை உள்ளே விடக் கூடாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கேசட்டை முழுக்க ஓட்டுங்கள். ஒரே நிலையில் அழுந்திக் கிடக்கும் ரப்பரில் பள்ளம் விழுவதும், கிரீஸ் இறுகுவதும் அதனால் தள்ளிப்போகும். ரிமோட்டிலிருந்து பேட்டரியை எடுத்துவிடுங்கள்.

கேசட்டுகளை ஒரு முனைவரை சீராகச் சுருட்டி, புத்தகம்போல் நிமிர்த்தி, பெட்டிக்குள் வையுங்கள். 20 டிகிரியை ஒட்டிய சூடு, 30 முதல் 50 சதவீத ஈரப்பதம், ஏற்ற இறக்கம் குறைந்த அறை. ஸ்பீக்கர், மோட்டார் போன்ற காந்தம் உள்ள பொருட்கள் பக்கத்தில் வேண்டாம். ஒவ்வொரு டெக்கிலும் எந்த பெல்ட்டை, எந்த டயரை, என்ன அளவில், எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி, மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறக்கப்போகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.